பூசணி விதையும் பஞ்சுக்குச்சி எலும்பும்

கனடாவில இருக்கிற பிள்ளைக்கு இங்கயிருந்து தமிழ் படிப்பிக்கிற ஆக்கள் ஒக்டோபர் மாதத்துக்கு முதலே கொஞ்சம் தயாராகிக் கொள்ள வேணும். அந்த மாதம் முழுக்க இலை, பூசணிக்காய், சிலந்தி, வௌவால், பேய். இந்த ஐந்தையும் விட்டுப் பிள்ளை வெளியில வராது. நாங்கள் 'வ' எண்டால் வண்டில் எண்டு தொடங்கினால், பிள்ளை 'வ' எண்டால் வௌவால் எண்டு முடிக்கும்.

நான் கலைப்பீடத்தில இரண்டாம் வருடம். சித்தியின் மகள் ஸ்காபரோவில தரம் 3 படிக்கிறாள். சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பின்னேரம் 6.30 ஆகும்போது அவளுக்குக் காலை 9 மணி. அந்த நேரத்தில் சூமில் ஒரு மணித்தியாலம் அவளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறேன். சித்தி 'டேட்டாக் காசு' எண்டு அனுப்புறதில என்னுடைய பஸ் காசும் சமாளிக்கும். போன வருடம் செப்டெம்பர் கடைசியில இருந்து, பிள்ளை வகுப்பில செய்த வேலைகளைச் சித்தி வட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பத் தொடங்கினா. "இதுகளை வச்சே தமிழ் கதை, அப்பதான் வாய் திறப்பாள்" எண்டா. முதலில் அந்தப் படங்களில் தமிழ்ச் சொற்களைத்தான் தேடினேன். போகப் போக அந்தப் பாடங்களையே பார்க்கத் தொடங்கினேன். ஒரு பருவகாலத்தையும் ஒரு பேய்க் கொண்டாட்டத்தையும் வைத்து எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பிக்கலாமா எண்டு யோசிச்சதில வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வந்தது இலை. பள்ளிக்கூட வளவில விழுந்து கிடக்கிற இலைகளைப் பிள்ளைகள் பொறுக்கி வருவினம். நிறம், வடிவம், விளிம்பு எண்டு பிரிப்பினம். எந்த நிறத்தில் எத்தனை எண்டு எண்ணிச் சலாகை வரைபு கீறுவினம். இலைக்கு மேல தாளை வைத்து கிறயோனைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் தாளில வரும். இதெல்லாம் எங்களுக்கும் ஓரளவு தெரிஞ்ச விளையாட்டு. தெரியாதது அடுத்து வந்தது. இன்னும் பச்சையாக இருக்கிற மேப்பிள் இலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, மருந்துக்கடையில விக்கிற ஸ்பிரிட்டில ஊறவைத்து, அந்தப் போத்தலைச் சுடுதண்ணிக்குள்ள வைத்து, கோப்பி வடிக்கிற தாளில ஒரு கீலத்தை வெட்டி அதுக்குள்ள தொங்கவிட்டிருக்கினம். கொஞ்ச நேரத்தில நிறம் தாளில மேல ஏறுது. பச்சைக்குப் பக்கத்திலயே ஒரு மஞ்சள் கோடு.

அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள்: "அக்கா, மஞ்சள் புதுசா வரேல்ல. முதலே உள்ளுக்க இருந்தது. பச்சை அதை மறைச்சு வச்சிருந்தது."

சரியான விளக்கம்தான். பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்க, மரம் பச்சையம் செய்வதை நிறுத்திவிடும். இருந்த பச்சையமும் சிதைந்து போக, கோடை முழுக்க உள்ளே இருந்த கரோட்டினொயிட்டுகளின் மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியில தெரியும். சிவப்பின் கதை வேற. இலையில மிஞ்சியிருக்கிற சீனியில இருந்து அந்தோசயனின் எண்ட நிறப்பொருளைச் சில மரங்கள் அந்த நேரத்தில் புதிதாகச் செய்கின்றன. கடைசியில் காம்பின் அடியில ஒரு மெல்லிய படை உருவாகி இலை கழன்று விழும். ஓ/எல் விஞ்ஞானத்தில் ஒளித்தொகுப்புக் கேள்விக்கு நானும் முழுப் புள்ளி எடுத்தவள்தான். ஆனால் பச்சை இலைக்குள்ள மஞ்சள் இருக்குது எண்டதை அந்தச் சனிக்கிழமைதான், அதுவும் போன் திரையில பார்த்தேன்.

அந்தப் பருவத்துக்குத் தமிழில என்ன எண்டு கேட்டாள். இலையுதிர் காலம் எண்டு சொன்னேன். "அப்ப உங்களுக்கு அது எப்ப வரும்?" இதுக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பழந்தமிழில் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் எண்டு பெயர். வாடைக் காற்றும் மழையும் குளிருமாக இருக்கிற காலம் அது. இலை உதிர்கிற கதை அதில இல்லை. யாழ்ப்பாணத்தில ஐப்பசியில நடப்பது நேரெதிர். காய்ஞ்ச தரவையெல்லாம் பச்சையாகும், குளம் நிரம்பும். எங்கட வேம்பு இலை கொட்டுறது மாசி, பங்குனியில. "அம்மா முற்றம் கூட்டிக் கூட்டிக் களைச்சுப் போற மாதம் எதுவோ அதுதான் எங்களுக்கு இலையுதிர் காலம்" எண்டேன். அவள் அதைக் கொப்பியில எழுதினாள். ஒரு சொல்லை அப்படியே மொழிபெயர்த்துவிடலாம். அந்தச் சொல் காட்டுகிற முற்றம் ஊருக்கு ஊர் வேற.

அடுத்தது பூசணிக்காய். வகுப்பில நாலு பிள்ளைகளுக்கு ஒரு காய். நூலைச் சுற்றி அளந்து சுற்றளவு எடுக்கினம், தராசில நிறுக்கினம், தண்ணியில மிதக்குமா தாழுமா எண்டு பார்க்கினம். மிதக்கும், ஏனெண்டால் உள்ளுக்க வெறும் இடம். வெட்டுறதுக்கு முதல் விதை எத்தனை இருக்கும் எண்டு ஒவ்வொருவரும் ஒரு எண் எழுத வேணும். பிறகு கையை விட்டு விதையெல்லாம் வழிச்செடுத்து, பத்துப் பத்தாகக் குவித்து, பத்துக் குவியலை ஒரு நூறாக்கி எண்ணுவினம். இவள் 100 எண்டு எழுதினாள். வந்தது 412. முதல் எழுதின எண்ணை அழிக்கக் கூடாதாம். அதுக்குப் பக்கத்திலயே எண்ணி வந்ததை எழுதி, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு கழித்துப் பார்க்க வேணுமாம். அண்டைக்கு நான் சொல்லிக் குடுத்த தமிழ்ச் சொல் 'மட்டுக்கட்டுதல்'. இப்ப எல்லாத்துக்கும் மட்டுக்கட்டுறாள். என்ர வயதையும்.

வெட்டின காய்களில ஒண்டை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலுக்குள்ள விட்டு, ஒவ்வொரு கிழமையும் கீற வேணும். பூஞ்சணம் பிடிக்குது, கறுக்குது, குழைஞ்சு போகுது. உக்கிப் போதல் எண்டால் என்ன எண்டு சொல்லாமலே பாடம் நடக்குது.

அந்தப் பூசணிக்காய்க்குக் கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைக்கிற வழக்கம் அயர்லாந்தில இருந்து வந்தது. அங்க முதலில் டேர்னிப் கிழங்கில்தான் அந்த முகத்தைக் குடைந்தார்கள். கெட்ட ஆவியை வெருட்ட வேணும் எண்ட நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் சனம் அங்க பெரிசாகவும் குடைய லேசாகவும் இருந்த பூசணிக்காய்க்கு மாறினார்கள். பூசணி அந்தக் கண்டத்தின் செடி. நாங்கள் கறி வைக்கிற மஞ்சள் பூசணியும் அங்க இருந்து வந்த குடும்பம்தான். சித்தி வீட்டு வாசலில அதை வைத்தபோது அம்மம்மா சொன்னாவாம், "இது எங்கட வெருளிதானே" எண்டு. கட்டி முடியாத வீட்டுக்கு முன்னால வெருளி கட்டுற, குடிபூரலுக்கு நீத்துப்பூசணி வெட்டுற ஊர் ஆளுக்கு அதில விளங்காதது ஒண்டும் இல்லை.

பயத்தை வைத்துச் செய்கிற பாடங்களும் எனக்குப் பிடிச்சுது. சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு, அதனால சிலந்தி பூச்சி இல்லை. வௌவால் முட்டை இடாது, குட்டி போட்டுப் பால் குடுக்கும். பிள்ளைகள் சோடி சோடியாக இருந்து, ஒருவர் தன்ர பூதத்தை வாயால சொல்ல, மற்றவர் பார்க்காமலே கீற வேணும். பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில வைத்து எங்க பிழைச்சது எண்டு தேடுவினம். இதை நான் அப்படியே தமிழுக்கு எடுத்தேன். "அதுக்கு மூண்டு கண். ஒரு கண் முதுகில. பல்லு ஒண்டுதான், அதுவும் ஆடுது." வழக்கமாக ஒரு சொல்லில் பதில் சொல்கிறவள் ஒரே மூச்சில ஏழு வசனம் தமிழில சொன்னாள்.

ஒக்டோபர் 25ஆம் திகதி அவள் கமராவுக்கு முன்னால தூக்கிப் பிடிச்சது எலும்புக்கூடு. கறுப்பு மட்டையில, காது குடைகிற பஞ்சுக்குச்சிகளை வெட்டி ஒட்டினது. முழுக் குச்சி கைக்கும் காலுக்கும், பாதிக் குச்சி விலாவுக்கும், பஞ்சு நுனி விரலுக்கும். வளர்ந்த ஆளுக்கு 206 எலும்பு, பிறக்கிற பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 300, வளர வளரச் சிலது ஒண்டோடு ஒண்டு சேரும் எண்டு பின்பக்கம் எழுதியிருந்தாள். வடிவான வேலை. "அக்கா, இதுகளுக்குத் தமிழில என்ன?"

மண்டையோடு. விலா எலும்பு. முள்ளந்தண்டு. தொடை எலும்பு.

யோசிக்காமலே சொன்னேன். அந்தச் சொற்களெல்லாம் அந்த வருடம் நாக்கு நுனியில இருந்தன. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குக் கிண்டியபோது எலும்புகள் வந்தன. பிறகு நீதிமன்றக் கட்டளையில் அகழ்வு தொடங்கி, செப்டெம்பருக்குள் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அதில் ஒன்று நான்கைந்து வயதுப் பெண் பிள்ளை. பக்கத்தில் நீலப் புத்தகப் பையும் பொம்மையும். ஓகஸ்டில் அங்க எடுத்த பொருட்களைச் சனம் அடையாளம் காட்டட்டும் எண்டு காட்சிக்கு வைத்தார்கள். கம்பஸில் இருந்து நாங்கள் சிலபேரும் போனோம். வளையல், செருப்பு, உடுப்பு. அங்க ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

சின்னவளுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய வயதும் இல்லை. அவளுக்கு அது 206 எண்ட எண்ணும், பஞ்சுக்குச்சியும், பசையும். நாலு சொல்லையும் தமிழில எழுதி அம்புக்குறி போட்டாள். 'ண்' எங்க வரும், 'ன்' எங்க வரும் எண்டு கேட்டாள். சொன்னேன்.

அதே வீட்டில இருக்கிற அம்மம்மா ஒக்டோபரில் அந்தத் தெருவால நடக்க மாட்டா. புல்லுத்தரைகளில பிளாஸ்ரிக் மண்டையோடு, மண்ணுக்குள்ள இருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற கை, போலிக் கல்லறை. கோயிலுக்குப் போறதெண்டால் சுத்தி மற்றத் தெருவால போவா. போனில கேட்டேன். "பிளாஸ்ரிக் எண்டு தெரியும் பிள்ளை. தெரிஞ்சும் கால் அங்கால போகுதில்லை."

அதுக்குப் பிறகுதான் சித்தி முதலே அனுப்பியிருந்த ஒரு படத்தை வடிவாக வாசித்தேன். ஹலோவீனுக்கு இரண்டு கிழமைக்கு முதல் வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு அனுப்பின கடிதம். வேடத்தோட ஆயுதமும் இரத்தமும் வேண்டாம். வேடம் கட்டாயமும் இல்லை, செம்மஞ்சளோ கறுப்போ போட்டு வந்தால் போதும். பேய், எலும்பு சம்பந்தமான வேலைகள் வேண்டாம் எண்டு நினைக்கிற வீடுகள் எழுதி அனுப்பலாம், அந்தப் பிள்ளைக்கு அதே பாடம் இலையிலயும் பூசணியிலயும் நடக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை. சமயம் காரணமாக இருக்கலாம். வேடம் வாங்கக் காசில்லாததாக இருக்கலாம். வந்த நாட்டில கண்டதாகவும் இருக்கலாம் எண்டு சித்தி சொன்னா.

எனக்கு இந்த ஒக்டோபர் பாடங்கள் எல்லாத்திலும் பெரியது அந்தக் கடிதம்தான். எலும்புக்கூடு ஒட்டுற தாளை இணையத்தில எவரும் இறக்கலாம். இங்கயும் இறக்குகினம். வெளியில மழை கொட்டேக்க மேப்பிள் இலைக்கு நிறம் தீட்டுகிற முன்பள்ளிப் பிள்ளைகள் எங்கட ஊரிலயும் இருக்கினம். தாள் வந்துவிட்டது. அந்தத் தாளுக்குப் பின்னால இருக்கிற இரண்டு விசயம் வரவில்லை: பிள்ளை வெளியில காலடியில காண்கிறதில இருந்து பாடத்தைத் தொடங்குவது, ஒரே படம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பயமில்லை எண்டு ரீச்சர் அறிந்திருப்பது.

செம்மணியைத் தாண்டித்தான் இங்க எத்தனையோ பள்ளிக்கூட வான்கள் போகுது. பிள்ளைகள் கேட்கும். "பேசாம இரு" எண்டுதான் பெரும்பாலும் பதில். தரம் 3க்குப் புதைகுழியைப் படிப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் சின்னப் பயத்தை எடுத்து, எண்ணி, கீறி, பெயர் வைத்துப் பழகாத வகுப்பு, பிள்ளை பெரிசாகிப் பெரிய கேள்வி கேட்கும்போது என்ன செய்யும்? எங்களிடம் வழியே இல்லை எண்டும் இல்லை. நவம்பர் 2இல் எங்கட கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போகும். கல்லறையைத் துடைக்கும், பூ வைக்கும், மெழுகுதிரி கொளுத்தும். ஹலோவீனும் அந்த நாளும் ஒரே திருநாள் வரிசையில் வருகிறவை. அங்க நிற்கிற பிள்ளைகளின் முகத்தில் நான் பயம் கண்டதில்லை. கையில வேலை இருக்குது, பக்கத்தில பெரியாக்கள் இருக்கினம், கேட்டால் ஆர் எவர் எண்டு சொல்லுவினம்.

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்குது. வாற ஐப்பசிக்கு அங்க செய்ய ஒரு சின்னப் பட்டியல் போட்டிருக்கிறேன். பிளாஸ்ரிக் போத்தலை வெட்டி வைத்து ஒவ்வொரு நாளும் மழையை அளப்பது. முதல் மழைக்கு வெளியில வாற தம்பளப்பூச்சியின் கால்களை எண்ணுவது. எட்டு இருக்கும், அப்ப அது பூச்சியா எண்டு சண்டை பிடிக்கலாம். கார்த்திகைப்பூ பச்சையில தொடங்கிச் சிவப்பாகும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே பூவைக் கீறுவது. பழைய உடுப்பில வெருளி கட்டுவது, அதோட எதுக்குப் பயம், எதுக்குப் பயமில்லை எண்டு விரும்பின பிள்ளை மட்டும் சொல்வது. விரும்பாத பிள்ளை சும்மா இருந்து வைக்கோல் அடையலாம்.

பிறகு ஒரு மஞ்சள் பூசணி. விதை எண்ணி முடிய அம்மா கறி வைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. வர விருப்பமான ஆக்கள் வாங்கோ. எத்தனை விதை இருக்கும் எண்டு இப்பவே மட்டுக்கட்டி எழுதி வையுங்கோ. அழிக்கக் கூடாது.