ஈரத்துணி

என் தாய்மாமன் டாக்ஸி ஓட்டினார் என்று சொன்னால், ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பையன்கள் எந்த ஆப் என்று கேட்கிறார்கள். மாமா ஓட்டியது மதுரை ஜங்ஷன் ஸ்டாண்டில். வண்டி பிரீமியர் பத்மினி. ஸ்டாண்டில் யாரும் பத்மினி என்று சொன்னதில்லை, எல்லாருக்கும் அது பியட்தான். 1974க்கு முன்பு அந்த உடம்புக்குப் பெயர் பியட் என்பதால் ஜனங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கிரீம் கலர். பின் கண்ணாடியில் 'லட்சுமி' என்று சிவப்பு எழுத்து. "கல்யாணம் பண்ணச் சொன்னா, கண்ணாடில பொண்ணு பேரை எழுதிட்டு வந்து நிக்கிறான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 1985 தீபாவளிக்கு வந்த 'படிக்காதவன்' படத்தில் ரஜினி ஓட்டுகிற டாக்ஸியின் பெயர் லட்சுமி. அமிதாப் நடித்த 'குத்தார்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. தான் படிக்காமல், டாக்ஸி ஓட்டித் தம்பியைப் படிக்கவைக்கிற அண்ணனின் கதை. வண்டி கிளம்பாமல் அடம்பிடிக்கும், ரஜினி அதோடு பேசுவார், கெஞ்சுவார். சின்ன வயதில் கேசட்டில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். படித்த தம்பி என்ன ஆனான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

2006இல் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. மாமா வண்டியை முப்பத்தெட்டாயிரத்துக்கு விற்றார். பணத்தை மஞ்சப்பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "பெட்ரோல் விக்கிற விலைக்கு இனி இதை ஓட்டிக் கட்டுப்படியாகாதுக்கா" என்றார். அதை அப்படியே நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அடுத்தவர்களின் வண்டிகளைத் தினக்கூலிக்கு ஓட்டினார்.

2022இல், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, சிவகங்கைப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் பத்மினி ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை துருப்பிடித்து, மண் தெரிந்தது. அறுபதாயிரம் சொல்லி, ஐம்பத்திரண்டில் முடித்தேன். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு திருப்புவனம் வழியாக வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இது வெறும் பத்மினியாக இருக்காது. லட்சுமியாக இருக்கும், படத்தில் வருகிற அதே கறுப்பு மஞ்சள் லட்சுமி.

வில்லாபுரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் இறக்கினோம். பட்டறைக்காரர் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பாதி தகரம், பாதி பட்டி" என்றார். முன்பு யாரோ துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாதம். தரைக்கு அளவெடுத்துப் புதுத் தகடு வெட்டி வெல்டு வைத்தார்கள். இன்ஜின் சின்னது, 1089 சிசி, நாலு சிலிண்டர். இறுகிப்போன பிஸ்டன்களை டீசல் ஊற்றி ஊறவைத்து ஒன்பதாவது நாள் அசைத்தோம். கியர் லீவர் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் இணைப்புகளில் புஷ்ஷெல்லாம் தேய்ந்து, இரண்டாவது கியர் போட்டால் ரிவர்ஸ் விழுந்தது. சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு நாலு தடவை போனேன். 2023 அக்டோபர் 30ஆம் தேதியிலிருந்து மும்பைத் தெருக்களில் பத்மினி டாக்ஸி கிடையாது என்ற செய்தி வந்தபோது, என் வண்டி பிரைமர் அடித்து நின்றுகொண்டிருந்தது. அதைத் தயாரித்த ஊரிலேயே அதன் கதை முடிந்துவிட்டது.

கலர் மாற்றுவதில் சட்டச் சிக்கல் உண்டு. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி., பசுமை வரி எல்லாம் தனி. படத்தில் வரும் நம்பரை மாட்டிக்கொண்டு ரோட்டில் போனால் கேஸ்தான். ஆகவே சொந்த நம்பர் பிளேட்டு அப்படியே இருக்கட்டும், மற்றதெல்லாம் லட்சுமி. படத்தை நிறுத்தி நிறுத்தி நூற்றுக்கும் மேல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கூரையின் மஞ்சளுக்கு மட்டும் ஆறு மாதிரி கலந்து பார்த்தோம்.

சினிமா வண்டிகள் மேல் உலகத்துக்கே ஒரு கிறுக்கு உண்டு. 1966 பேட்மேன் தொடரின் கார், லிங்கன் கம்பெனி 1955இல் கண்காட்சிக்காகச் செய்த ஃபியூச்சுரா என்ற காரை ஜார்ஜ் பாரிஸ் மாற்றிக் கட்டியது. ஊர் ஊராகக் காட்ட அதற்கு ஃபைபர்கிளாஸ் நகல்களும் செய்தார். 2013இல் அசல் வண்டி 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் ஊரில் 'காலா'வில் ரஜினி மேலே உட்கார்ந்திருக்கும் தார் ஜீப்பை ஆனந்த் மஹிந்திரா கேட்டு வாங்கித் தன் கம்பெனியின் சேகரிப்பில் வைத்துக்கொண்டார். 'கல்கி 2898'க்காகக் கோயம்புத்தூரில் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் மஹிந்திராவும் சேர்ந்து கட்டிய புஜ்ஜி ஆறு டன் எடை. 2024 மே மாதம் அதை ஊர் ஊராக ஓட்டிக் காட்டினார்கள். வண்டிக்கு ஒரு முகம் வந்துவிட்டால் ஜனங்கள் அதைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறார்கள். நகல் என்று தெரிந்தாலும் தொடுகிறார்கள்.

அதே மே மாதக் கடைசியில், மதுரையில் நண்பர்கள் சிலர் பழைய வாகனங்களைக் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சி வைத்தார்கள். என் லட்சுமியை முதன்முதலாக வெளியே காட்டியது அன்றுதான். மாமாவையும் கூட்டிப்போனேன். அதற்கு முன் பட்டறைக்கு இரண்டு தடவைதான் வந்திருந்தார். பெயிண்ட் அடித்து முடித்த அன்று வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டார். "நல்லாத்தான்டா இருக்கு மாப்ள" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கண்காட்சியில் கூட்டம் எங்கள் வண்டியைத்தான் மொய்த்தது. திருமங்கலத்தில் ரஜினிக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிற மாவட்டம் இது, கேட்கவா வேண்டும். பானெட்டுக்கு மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். வண்டிக்கு முன்னால் ஒரு பலகை வைத்திருந்தேன். படம், வருஷம், எத்தனை மாதம் வேலை நடந்தது, எவ்வளவு செலவானது எல்லாம் அதில் இருந்தது. மாமா மட்காட் பக்கம் நின்று, ஜனங்களின் கைரேகையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். போட்டோ எடுக்க வந்த ஒரு பையன், "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க, பிரேம்ல வர்றீங்க" என்றான். மாமா ஒதுங்கினார். என் காதில் விழுந்தது. நான் யாருக்கோ கார்புரேட்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கத்தை நிறுத்தவில்லை.

மத்தியானம் எல்லா வண்டியும் வரிசையாகக் கிளம்பி அழகர்கோவில் ரோட்டில் ஒரு சுற்று போவதாக ஏற்பாடு. மண்டை பிளக்கும் வெயில். லட்சுமி கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு ஒரே குஷி. "கெஞ்சுங்க ப்ரோ, தலைவர் மாதிரி கெஞ்சுங்க!" ஐம்பது செல்போன்கள் தூக்கிப் பிடித்திருந்தன. நானும் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் தடவி இரண்டு வசனம் பேசினேன். கைத்தட்டல். வண்டி மட்டும் அசையவில்லை.

மாமா என்னிடம் எதுவும் கேட்காமல் பானெட்டைத் தூக்கினார். தோள் துண்டைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார். "இப்ப அடி" என்றார். முதல் அடியிலேயே பிடித்தது.

பத்மினியின் பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கும். சூடு ஏறினால் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியை அதனால் தள்ள முடியாது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. துணியின் ஈரம் பம்பைக் குளிரவைத்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும். இதெல்லாம் எனக்கும் தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் ஐம்பது செல்போன்களுக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது வசனம்தான்.

திரும்பும்போது அவரை ஓட்டச் சொன்னேன். பதினெட்டு வருஷம் கழித்து அந்தக் கியரைத் தொட்டிருக்கிறார். கை தானாகப் போனது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது கேட்டேன், "மாமா, உங்களுக்குக் கலர் பிடிக்கலையா?"

"படத்து வண்டி நல்லாருக்குடா. நம்ம வண்டி கிரீம் கலரு, அவ்வளவுதான்."

"மாத்திரலாமா?"

"எதுக்கு? மறுபடி ஆர்.சி.ல பதியணும், அலைய முடியாது. விடு." பச்சை விழுந்தது. கியரை மாற்றிக்கொண்டே சொன்னார், "அன்னைக்கு வித்துட்டு வீட்டுக்கு வர்றப்ப, பஸ்ல இடது கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சுடா. அங்கிட்டும் இங்கிட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாததால் விற்றார் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். நான்காயிரம் ரூபாய் மஞ்சள் பெயிண்டுக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தை இந்தக் கேள்விக்குக் காட்டியிருந்தால், 2006லேயே எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

வண்டி இன்னும் கறுப்பு மஞ்சளாகத்தான் நிற்கிறது. பலகையை மட்டும் மாற்றி எழுதினேன். படத்தின் பெயருக்குக் கீழே, 1986 முதல் 2006 வரை மதுரை ஜங்ஷனில் ஓடிய கிரீம் கலர் லட்சுமியின் பெயரும், அதை ஓட்டியவர் பெயரும் இருக்கின்றன. மாமா படித்துப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இதெல்லாம்?" என்றார். அடுத்த வாரம் வந்து, டேஷ்போர்டுக்குள் ஒரு பழைய துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனார்.