கறுப்புக் கண்ணாடி

'கூலிங் கிளாஸ்' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? சினிமாவில் ஸ்லோமோஷனில் நடந்து வரும் கதாநாயகன் வருவார். அல்லது நம் கல்லூரி ஆண்டு விழாவில் ராத்திரி எட்டு மணிக்கும் கண்ணாடியைக் கழற்றாத நம் நண்பர்கள் வருவார்கள்! நானும் அந்த ஜாதிதான். 2016 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை.

நான் பகுதிநேர மாணவன். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த கையோடு புனே போய், ஹடப்சர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே எனக்கு எல்லாமாக இருந்தவர் ஒரு அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். விமானப் படையில் கருவிகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹடப்சரில் அப்போது மத்திய அரசின் கிளைடிங் மையம் இருந்தது. லீவு நாளில் அதன் மேலே சத்தமே இல்லாமல் வட்டமடிக்கும் வெள்ளை இறக்கைகளை நான் வாய் பிளந்து பார்ப்பதை அண்ணாச்சி கவனித்திருக்கிறார் போல. "ஏல, ஒரு நாள் ஏறித்தான் பாரேன்" என்று பணம் கட்டக் கூட்டிப் போய்விட்டார்.

விமானத்தில் ஏறப் போகிறோம், சும்மா போக முடியுமா? அதற்கு முந்தின வருஷத் தீபாவளிக்கு நடைபாதைக் கடையில் இரண்டு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருந்தேன். 'போலரைஸ்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பளபளா ஒன்று எனக்கு. சாதாரண கறுப்பு ஒன்று ஊரில் அப்பாவுக்கு. என்னுடையதை மாட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, பைலட் தோரணையில் போய் நின்றேன். அண்ணாச்சி ஒரு மாதிரி பார்த்தார். "சரி, போய்ட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. சின்னப் பையன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பட்டம் விடுவான் இல்லையா, அதே வித்தைதான். மைதானத்தின் மறுமுனையில் வின்ச் என்ற இயந்திரம் நீளமான கேபிளைச் சுருட்டி இழுக்கிறது. கிளைடர் விர்ரென்று மேலே ஏறுகிறது. சுமார் ஆயிரம் அடியில் கேபிளைக் கழற்றிவிட்டால், பிறகு காற்றும் நாமும்தான். முன் சீட்டில் நான், பின் சீட்டில் பயிற்சியாளர். தலைக்கு மேல் கூரை இல்லை, ஒரே பிளாஸ்டிக் கூண்டு.

ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கிறது. நேர் எதிரே சூரியன். அப்போதுதான் பார்த்தேன்... கூண்டு முழுக்க நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக வரி வரியாகக் கோடுகள்! என் தலையை அசைத்தால் கோடுகளும் அசைகின்றன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "சார், கண்ணாடி விரிசல் விடுது சார்!" என்று தெரிந்த இந்தியில் கத்தினேன்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். "உன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்."

கழற்றினேன். ஒரு கோடும் இல்லை!

மறுபடி மாட்டிக்கொண்டேன். மேலே ஒரு திருப்பம். "வலது பக்கம், இரண்டு மணி திசையில் பருந்து தெரிகிறதா?" என்றார். பார்த்தேன். இருட்டுத்தான் தெரிந்தது. அதிலும் அந்த அகலமான பிளாஸ்டிக் காது வலது பக்கத்தைச் சுவர் மாதிரி மறைத்தது. கண்ணாடியைக் கழற்றினால் வெளிச்சம் கண்ணில் குத்தித் தண்ணீர் கொட்டியது. போட்டால் தெரியவில்லை, கழற்றினால் பார்க்க முடியவில்லை. பருந்தை நான் பார்க்கவே இல்லை. சில நிமிடத்தில் தரை வந்துவிட்டது.

இறங்கி வந்தவனை அண்ணாச்சி வேப்பமரத்தடியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "பருந்தைப் பாத்தியாடே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நீ பறக்கலை. உன்னை ஏத்தி இறக்கியிருக்காவ."

பருந்து என்ன அவ்வளவு முக்கியமா என்று கேட்டேன். அதற்குத்தான் ஒரு முழுப் பாடம் கிடைத்தது. வெயிலில் சூடான காற்று மேலே எழும்பும். பருந்து சிறகடிக்காமல் அதில் சுற்றிச் சுற்றி ஏறும். எஞ்சின் இல்லாத கிளைடர்க்காரருக்கும் அதுதான் பெட்ரோல். பருந்து எங்கே ஏறுகிறது, மேகத்தின் ஓரம் எங்கே திரள்கிறது, புழுதி எங்கே எழும்புகிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அதே காற்றில் இன்னொரு கிளைடரும் சுற்றிக்கொண்டிருக்கும். இடிக்காமல் காப்பதில் கண்தான் முக்கியம். 'சில்வர் பேட்ஜ்' என்ற சர்வதேசத் தகுதிக்கு ஐந்து மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். ஐந்து மணி நேரம் கூரையில்லாமல் வெயிலில்! மேலே போகப் போக ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறதாம்.

அன்று அண்ணாச்சி சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலாவது, கறுப்பு வேறு, பாதுகாப்பு வேறு. புற ஊதாக் கதிரைத் தடுப்பது நிறமல்ல, லென்ஸின் பொருளும் பூச்சும்தான். 'யூவி 400' என்று குறிப்பிட்டது வேண்டும். குறிப்பை மட்டும் நம்பாமல் கண்ணாடிக் கடையில் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணை விட மோசமாகவும் ஆகலாம். இருட்டு என்று நினைத்து கண்ணின் பாப்பா அகலமாகத் திறக்கும். கதிர் கூடுதலாக உள்ளே போகலாம்.

இரண்டாவது, அளவான இருட்டு. லென்ஸின் கருமையை 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். 3-ஆம் வகை 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். 4-ஆம் வகை 8 சதவீதத்துக்கும் குறைவு. அது வண்டி ஓட்டவே கூடாதது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்வது, 70 முதல் 85 சதவீத வெளிச்சத்தைத் தடுத்தால் போதும் என்பதே. மேகத்தின் நிழலுக்குள் போனாலும், சாயங்காலம் இறங்கினாலும், நிழலில் இருக்கும் கருவிகளைப் படிக்க வேண்டுமே!

மூன்றாவது, நிறம். சாம்பல் நிறம் மற்ற நிறங்களை மாற்றாது. பழுப்பு நிறம் நீலத்தைக் குறைத்து, மங்கலில் மேகத்தின் ஓரத்தை எடுத்துக் காட்டும். அதனால் கிளைடர்க்காரர் பலருக்குப் பழுப்பு பிடிக்கும். சிவப்பு, ஊதா எல்லாம் ஆண்டு விழாவுக்கு மட்டும்.

நான்காவது, என் மானத்தை வாங்கிய போலரைஸ்டு. தார் ரோட்டிலும் தண்ணீரிலும் பட்டுக் கூசும் வெளிச்சத்தை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் வளைத்துச் செய்த பிளாஸ்டிக் கூண்டில் உள்ள இறுக்கமெல்லாம் அதன் வழியே வண்ணக் கோடாகத் தெரியும். தூரத்து விமானத்தின் மேல் பளிச்சிடும் வெளிச்சத்தையும் அது மறைக்கலாம். எல்.சி.டி. திரையோ சில கோணத்தில் கறுத்தே போகும். அப்படிப்பட்ட கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு உங்கள் கால்குலேட்டரை மெல்லத் திருப்பிப் பாருங்கள், எண்கள் மறையும்!

ஐந்தாவது, வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி. அது கறுப்பதே பெரும்பாலும் புற ஊதாக் கதிரால்தான். கூண்டு அதில் பெரும் பகுதியைத் தடுத்துவிடுவதால் உள்ளே சரியாகக் கறுக்காது. கறுத்ததும் சட்டென்று தெளியாது.

ஆறாவது, சட்டம். காது மெல்லியதாக, பக்கவாட்டை மறைக்காததாக இருக்க வேண்டும். கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். ஃபிட்டருக்கு இது சொல்லியா தர வேண்டும்?

விமானிகளுக்கான 'ரே-பான்' கண்ணாடி 1937-லேயே விற்பனைக்கு வந்தது. கண் கூசாமல் பார்ப்பதற்காகச் செய்ததை, நாம் பிறர் பார்ப்பதற்காக மாட்டிக்கொண்டோம்!

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத் தொழிலாளி. கீழே உப்புப் பாத்தி வெள்ளை வெளேரென்று பளபளக்கும், மேலே வெயில் கொளுத்தும். வெளிச்சம் இரண்டு பக்கமும் அடிக்கும். கிளைடர்க்காரனுக்கு ஐந்து மணி நேரம் என்றால் அப்பாவுக்கு முப்பது வருஷம். வலது கண்ணில் வெள்ளையாகச் சதை வளர ஆரம்பித்திருந்தது. வெயிலும் உப்புக் காற்றும் வருஷக் கணக்கில் பட்டதால் வருவது என்று இலவச முகாமில் டாக்டர் சொன்னாராம். அப்பா பெருமையாகச் சொன்னார்: "இப்ப பயமில்லலே. நீ வாங்கித் தந்த கண்ணாடியை எடுக்கிறதே இல்ல. அளத்துல எல்லாரும் கேக்கான், யார் வாங்குனதுன்னு."

எனக்குத் திக்கென்றது. ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மீட்டரில் வைத்தார். இரண்டாம் முறையும் வைத்தார். "தம்பி, இது வெறும் கலர் பிளாஸ்டிக். கதிர் அப்படியே உள்ளே போகுது."

ஒரு வருஷத்துக்கும் மேலாக, மகன் கொடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக, அப்பா அதைப் போட்டுக்கொண்டு பாத்தியில் நின்றிருக்கிறார். கடை வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போய், அண்ணாச்சியின் பாடத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்: பழுப்பு லென்ஸ், 3-ஆம் வகை, மீட்டரில் பார்த்தது, மெல்லிய காது. கூடவே ஓரம் அகலமான ஒரு தொப்பி.

அப்பா புதியதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பழசு நல்லாத்தான இருந்துச்சு, இது அவ்வளவு கறுப்பா இல்லையே?" என்றார். "இதுதான்பா விமானம் ஓட்டுறவங்க போடுறது" என்றேன். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. மறுநாள் விடியலில் அதைப் போட்டுக்கொண்டுதான் அளத்துக்குப் போனார். பழையதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், போடுவதற்கு அல்ல.

நண்பர்களே, நாளை நீங்கள் சூப்பர்வைசர் ஆவீர்கள், பட்டறை முதலாளி ஆவீர்கள். உங்களுக்குக் கீழே பத்துப் பேர் வெல்டிங்கிலும் வெயிலிலும் நிற்பார்கள். அவர்களுக்குக் கண்ணாடி வாங்க வேண்டி வரும்போது, விலையையும் கறுப்பையும் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு முறை மீட்டரில் வையுங்கள். கொடுப்பவர் மேல் உள்ள நம்பிக்கையில்தான் அவர்கள் அதை மாட்டிக்கொள்கிறார்கள்.

— பகுதிநேர டிப்ளமோ, இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு