சந்திக் கடையும் கடன் கொப்பியும்

கண்டி வீதி சாவகச்சேரி நகரை ஊடறுத்துச் செல்கின்றது. அவ்வீதியினின்றும் கிளைத்துத் தென்மராட்சியின் உட்கிராமங்களை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளின் முகப்பிலே ஒருகாலத்தில் தவறாது ஒரு சிறு பலசரக்குக் கடை இருந்தது. சந்தையின் பேரிரைச்சலும் மாம்பழ, பலாப்பழ வியாபாரத்தின் ஆரவாரமும் இக்கடைகளை எட்டுவதில்லை. பெயர்ப்பலகை இருப்பது அருமை. இருப்பின் அதில் ஆடவன் ஒருவனின் பெயரே காணப்படும். ஆயினும் உள்ளே தராசைப் பிடித்து நின்றவள் பெரும்பாலும் அவனுடைய மனைவியே. அத்தகைய ஒருத்தியின் வாழ்வே இங்குக் கூறப்படுவது. ஊரார் அவளைக் 'கடைக்கார அக்கா' என்றனர். முதுமையில் அவள் 'கடைக்கார ஆச்சி' ஆனாள். அவளுடைய பெயரை அறிந்திருந்தோர் விதானையாரும் தபாற்காரரும் மாத்திரமே எனினும் பெரிய மிகையாகாது.

கோயில் மணி ஒலிக்கும் முன்னரே அவள் எழுவாள். முற்றங் கூட்டி, தண்ணீர் தெளித்து, பிள்ளைகளுக்குப் பிட்டு அவித்து மூடி வைத்தபின், ஆறு மணியளவில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். அவை இலக்கமிட்ட பலகைகள்; ஒன்று முறை தவறினும் இரவில் கடை பூட்டாது. பாண் வந்து இறங்கும். சுருட்டுப் பற்றவைப்போருக்கெனத் தூணிலே தொங்கும் கயிற்றின் நுனியில் நெருப்பு வைக்கப்படும். கடைக்கும் குசினிக்கும் இடையே சுவரில்லை, ஒரு சாக்குத் திரையே தொங்கிற்று. உலையில் அரிசியை இட்டுவிட்டு ஓடிவந்து அரை இறாத்தல் சீனி நிறுப்பாள். நிறுத்து முடிந்ததும் கஞ்சி வடிக்க ஓடுவாள். மடியிலே குழந்தை கிடக்கவும் பழைய பத்திரிகைத் தாளைச் சரையாகச் சுற்றி, அதில் மல்லியும் மிளகும் இட்டு நூலாற் கட்டிவிடுவாள். பகல் உறக்கம் என்பதை அவள் அறியாள்.

கணவர் கெட்டவர் அல்லர். பட்டினத்துக்குச் சென்று சரக்கெடுத்து வருவது அவர் பொறுப்பு. மாலையில் வாசல் வாங்கில் அமர்ந்து 'ஈழநாடு' படிப்பதும், வருவோருடன் அரசியல் பேசுவதும், கடை பூட்டியபின் லாச்சியைத் திறந்து காசை எண்ணி எடுப்பதும் அவர் வழக்கம். லாச்சித் திறப்பு அவருடைய இடுப்பிலேயே இருந்தது.

கடை நின்ற நிலமோ அவளுடைய சீதனம். தாய்வழி வந்த இரண்டு பரப்புக் காணி. தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சீதனத்துக்கு உரிமையாளரே. எனினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. அசையும் பொருளுக்கு இத்தடை இல்லை. ஆகவே தனக்குரிய உப்பையும் புளியையும் அவள் எவருக்கும் விற்கலாம். அவை விற்கப்படும் தன் நிலத்தைத் தன் கையொப்பத்தினால் மட்டும் ஒன்றும் செய்தல் இயலாது. சட்டம் பயிலும் மாணவர் இதனைப் பாடமாகக் கற்பர். கடையைப் பெருப்பிக்க எண்ணிக் காணியை ஈடுவைக்க முயன்ற நாளில், நொத்தாரிசின் விறாந்தையில் நின்று அவள் கற்றாள். கணவர் அன்று கையொப்பமிட மறுத்துவிட்டார்.

அவளுக்கென இருந்தது கடன் கொப்பி. பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் சாதாரணக் கொப்பிதான். மாதச் சம்பளக்காரர் மாதமுடிவிலும், கூலியாள் சனிக்கிழமையிலும், வானம் பார்த்த வயலையே நம்பிய கமக்காரர் தை, மாசியில் நெல் வெட்டிய பின்னரும் கணக்குத் தீர்ப்பர். யாருக்கு எவ்வளவு தூரம் கடன் கொடுக்கலாம் என்பதை அவள் ஒரு பார்வையிலே தீர்மானிப்பாள். "அம்மா பிறகு தாறன் எண்டவா" என்று கூறும் சிறுமியின் முகத்தினின்றே அவ்வீட்டில் அன்று உலை வைக்கப்பட்டதா என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கடன் கொப்பியில் சாதி இருக்கவில்லை. கடைப் படியில் இருந்தது. படியேறாது வெளியே நின்று வாங்கிச் சென்றோரின் கணக்கே மிக ஒழுங்காகத் தீர்ந்த கணக்கு என்று அவளே கூறுவாள். எனினும் அவர்களைப் படியேறி வருமாறு அவள் ஒருநாளும் அழைத்ததில்லை. அவளை உயர்த்திப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

1970இன் பிற்பகுதியிலே நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் இனிச் செல்லா என அறிவித்தார். அவற்றை வங்கியில் ஒப்படைத்தல் வேண்டும். பதுக்கிய பணத்தை வெளிக்கொணர்வதே அரசின் நோக்கம். பெருமுதலாளிகளிடமிருந்து எவ்வளவு வெளிவந்ததோ, அரிசிப் பானையின் அடியிலிருந்து ஏழு நூறு ரூபாத் தாள்கள் வெளிவந்தன. சீட்டுக் கட்டியும், சாக்கு விற்றும், வெற்றுத் தகரங்களை விற்றும் மகளின் காதுக்கும் கழுத்துக்குமென அவள் சேர்த்தவை. வங்கிக்குச் சென்று பழக்கமில்லாத அவள் அவற்றைக் கணவரிடம் கொடுக்க நேர்ந்தது. அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். தம் கணக்கிலே இட்டார். அச்சிரிப்பை அவள் முப்பது ஆண்டுகளின் பின்னரும் நினைவுகூர்ந்தாள்.

அடுத்து வந்த ஆண்டுகள் தட்டுப்பாட்டுக் காலம். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட வலிகாமத்துக் கமக்காரர் கையிலே காசு புரண்டது; மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றோரும் அதே குடாநாட்டவரே. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. கடையில் பொருள் நிறைந்தது. கமக்காரனின் மிளகாய் விலை சரிந்தது. இறாத்தல் போய்க் கிலோ வந்தது.

இவற்றிலும் பெரிய நிகழ்ச்சி திரைக்குப் பின்னே நடந்தது. கணவர் பாரிசவாதத்தினால் வீழ்ந்தார். மகள் அப்போது கணிதத்திலே வகுப்பில் முதலாமவள். மகன் இரண்டு வயது இளையவன். கடைக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. பாடசாலையினின்றும் நிறுத்தப்பட்டவள் மகளே. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்திருந்த காலம் அது. "ஆம்பிளைப் பிள்ளைக்கே கிடைக்குமோ தெரியாது" என்று தாய் நியாயம் கூறினாள். தானும் பெரியபிள்ளையானவுடன் பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டவளே என்பதை அவள் மறந்திருக்க இயலாது. மகன் பேராதனைக்குச் சென்றான். 1983இன் பின்னர் கனடாவுக்குச் சென்றான். தந்தை இறந்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தோர் கடைக்காணியைச் சீதனமாகக் கேட்டனர். இப்போது எவருடைய சம்மதமும் தேவையில்லை. தாய் தனியே கையொப்பமிடலாம். அவள் இடவில்லை. சோறு போடும் நிலத்தை விட மனமில்லாமையோ, கணக்கெழுதும் மகளை விட மனமில்லாமையோ, முதன்முதலாகக் கைக்கு வந்த உரிமையை உடனே இழக்க மனமில்லாமையோ, அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. மகள் அதன்பின் தாயுடன் கணக்கைப் பற்றியன்றி அதிகம் பேசியதில்லை.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி முதலியன தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் காற்போத்தலாக விற்கப்பட்டது; ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தனர். பள்ளிகளும் கோயில்களும் மாந்தோப்புகளும் நிறைந்தன. மறுநாள் கடைவாசலில் நின்றோர் முகமறியாதோர். தேங்காய்க்கும் சீனிக்கும் எங்கும் விலை ஏறிற்று. இரண்டு நாட்கள் அவளும் ஏற்றினாள். இரண்டாம் நாள் மாலை மகள் தராசைக் கீழே வைத்தாள்.

"இந்த விலைக்கு நான் நிறுக்கமாட்டன். நீங்களே நிறுங்கோ, அம்மா."

தாய் ஒன்றும் கூறவில்லை. அறுபதை அண்மிய வயதில் அன்றிரவு வரை தானே நிறுத்தாள். மூன்றாம் நாள் பழைய விலை வந்தது. அது மாத்திரமன்று, கடனும் கொடுக்கப்பட்டது. ஊரறியாத, வீடறியாத மனிதருக்குக் கொடுக்கும் கடனை எவ்வாறு எழுதுவது? 'மாமரத்தடிக் குடும்பம்', 'பள்ளிக்கூட விறாந்தை, கைக்குழந்தைக்காரி', 'கண்ணாடி போட்ட வாத்தியார்' என மகள் எழுதினாள். 1996 ஏப்ரிலின் பின் அவர்களுட் பலர் வலிகாமத்துக்கு மீண்டனர். போகுமுன் கணக்குத் தீர்த்தோர் பலர். வன்னிக்குச் சென்றவர்களின் பக்கங்கள் அப்படியே கிடந்தன.

2000ஆம் ஆண்டு போர் சாவகச்சேரியை நொறுக்கிற்று. தாயும் மகளும் கையிலகப்பட்டதோடு ஓடினர். 2002இல் யுத்தநிறுத்தம் ஏற்பட்டபின் திரும்பி வந்தபோது கூரையில்லை, லாச்சியில்லை, கொப்பியில்லை. இடிபாட்டைக் கிளறியபோது இரும்புப் படிக்கற்கள் நான்கு அகப்பட்டன. தகரக் கொட்டிலொன்றின் கீழே இரண்டு பலகையை வைத்துக் கடை மீண்டும் தொடங்கிற்று.

ஒருநாள் இணுவிற் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். இடம்பெயர்ந்த காலத்துக் கடன் ஒன்று இருப்பதாகவும், முந்நூற்று ஐம்பது ரூபா வரையில் இருக்கலாம் என்றும் கூறினார். தாய்க்கு அவரை நினைவில்லை.

"நானூற்றுப் பன்னிரண்டு," என்றாள் மகள், மிளகாய் நிறுத்தபடியே. "கடைசியாப் பால்மாப் பெட்டி ஒண்டு எடுத்தனீங்கள். பள்ளிக்கூட விறாந்தையிலை இருந்தனீங்கள்."

"ஓம் தங்கச்சி. பால்மா எடுத்தனாங்கள்தான்."

அவர் கொடுத்த காசைத் தாய் கையிலே எடுக்கவில்லை. பலகையின்மேல் மகளின் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

அடுத்த தை மாதம் அவள் நொத்தாரிசிடம் சென்று இரண்டு பரப்புக் காணியையும் மகளின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதினாள். அவ்வுறுதியில் பெறுபவளின் கையொப்பமும் வேண்டும் என்றார் நொத்தாரிசு. மகள் கடையைப் பூட்டிவிட்டுச் சென்று கையொப்பமிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். தாயும் மகளும் வழியில் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கொட்டில் வாசலிலே மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஒரு சிறுவன் காத்து நின்றான். அவனுக்கு அளந்து ஊற்றியபின்னரே மகள் உறுதியைப் பிசுக்கோத்துத் தகரத்துள் வைத்தாள்.