34 வயதிலும் முகப்பரு!

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியை நான் வகுப்பிலே எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கு 34 வயதானபோதுதான் அந்தப் பழமொழி என்னையே குத்தும் முள்ளாயிற்று.

அன்று எட்டாம் வகுப்பில் தனிவட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், பெரியவங்களுக்குக்கூடப் பரு வருமா?" என்று கள்ளங்கபடமில்லாமல் கேட்டுவிட்டாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது என் கண்கள் கலங்கிவிட்டன.

பள்ளி நாட்களில் என் தோழியர் பருவோடு போராடியபோது என் முகம் துடைத்து வைத்த தட்டுப்போல இருக்கும். அதிலே எனக்குச் சிறிது கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்திற்குத் தண்டனையோ என்று நினைக்கும்படி, இப்போது மோவாயிலும் தாடை ஓரத்திலும் சிவந்த கட்டிகள்! கேட்காமலே ஆலோசனைகள் வந்து குவிந்தன. ஒருவர் எலுமிச்சைச் சாறு என்றார். ஒருவர் பற்பசை என்றார். இரண்டையும் பூசினேன். எரிச்சல்தான் மிச்சம்.

பிறகு செய்ததுதான் பெரிய தவறு. மருத்துவரைப் பார்க்க வெட்கப்பட்டு, மருந்துக் கடையொன்றில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினேன். பத்து நாட்களில் முகம் பளபளத்தது. அடடா, என்ன அதிசயம் என்று மகிழ்ந்தேன்! இரண்டு மாதங்களில் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரிந்தது. களிம்பை நிறுத்தினாலோ பருக்கள் முன்னிலும் அதிகமாகக் கிளம்பின. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பின்னரே தெரிந்தது. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று இந்திய அரசு 2018-இல் ஆணையிட்டிருக்கிறது. சீட்டில்லாமல் கேட்ட நானும் குற்றவாளிதானே!

அந்த நாட்களில்தான் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. உறவினர் கூட்டத்தை நினைத்து அஞ்சி, காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாள் பலகாரத்தோடு வந்த தங்கை என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அக்கா, நான் உன் முகத்தையா விருந்துக்குக் கூப்பிட்டேன்? உன்னைத்தானே கூப்பிட்டேன்!" என்று அழுதாள். அவளே என்னைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

அந்த மருத்துவர் அம்மையார் பொறுமையாக விளக்கினார். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன்களின் தூண்டுதலால் அதிகமாகச் சுரக்கின்றன. உதிரும் தோல் அணுக்களோடு அந்த எண்ணெய் சேர்ந்து மயிர்க்கால் துவாரத்தை அடைக்கிறது. அங்கே பாக்டீரியா பெருகி வீக்கம் உண்டாகிறது. பெண்களுக்கு இது முப்பது, நாற்பது வயதிலும் வரலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடலாம். "அழுக்கினால் வருவதன்று, உங்கள் குற்றமும் அன்று" என்று அவர் சொன்னபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மாதவிலக்கு முறையாக வருகிறதா என்றும் கேட்டார். அது தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உண்டா என்று பரிசோதிக்க வேண்டுமாம்.

இரவில் பூச ஒரு மருந்து தந்தார். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார். கருவுற்ற தாய்மார் இத்தகைய மருந்துகளைத் தாமாகத் தொடவே கூடாது என்றும் எச்சரித்தார். பிறகு என் அன்றாடப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பப்பா, எத்தனை பிழைகள்!

நாளுக்கு ஆறு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வந்தேன். காலையும் மாலையும், வியர்த்த பின்னும் மென்மையாகக் கழுவினால் போதும் என்றார். தலைக்கு எண்ணெய் வைக்காமல் நான் படுத்தால் என் அம்மாவுக்குத் தூக்கம் வராது! அந்த எண்ணெய் நெற்றியில் வழிந்தும் தலையணை உறையில் ஊறியும் துவாரங்களை அடைத்திருக்கிறது. இப்போது குளிப்பதற்கு முன் சிறிது வைத்து அலசிவிடுகிறேன். உறையையும் அடிக்கடி மாற்றுகிறேன். விடைத்தாள் திருத்தும்போது மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பருவைக் கிள்ளும் பழக்கமும் எனக்கு இருந்தது. கிள்ளினால் வீக்கம் ஆழமாகித் தழும்பு நிலைத்துவிடும். இந்தப் பழக்கத்தை விடத்தான் நான் மிகவும் பாடுபட்டேன்.

உணவைப் பற்றியும் கேட்டேன். 1969-இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, அதனால் பரு கூடவில்லை என்றார்கள். ஆனால் ஒப்பிடுவதற்குக் கொடுத்த போலிச் சாக்லேட்டிலும் கொழுப்பும் சர்க்கரையும் இருந்தன என்று பின்னால் வந்தவர்கள் குறை கண்டார்கள். 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களைக் கொண்டு 12 வாரம் நடந்த ஆய்வில், இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவை உண்டவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. "ஆண்களுக்குச் சொன்னது எனக்கும் பொருந்துமா?" என்றேன். "உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரையைக் குறைப்பதால் கெடுதல் இல்லையே!" என்று சிரித்தார். ஐந்து வேளைத் தேநீர் இரண்டாயிற்று. மாலை பன்னுக்குப் பதில் சுண்டல் வந்தது. நள்ளிரவுவரை விழித்திருப்பதையும் விட்டேன்.

நான்கு மாதத்தில் முகம் பெரிதும் தெளிந்தது. முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. மாதத்திற்கு ஒன்றிரண்டு விருந்தாளிகள் வரத்தான் செய்கிறார்கள். வந்தால் வரட்டும், நான் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

சென்ற ஆண்டு நாடக ஒத்திகையின்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நல்ல குரல்வளம் உள்ளவள், கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு மேடை வேண்டாம்" என்றாள். முன்பென்றால், "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அன்று அவளை மரத்தடியில் உட்காரவைத்து, புதுமனை புகுவிழாவுக்குப் போகாத கதையைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் தங்கை இப்போது பேசுகிறார்களா, டீச்சர்?" என்று கேட்டாள். "தினமும்" என்றேன். அவள் தாயாரும் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பருக்கள் மறைவதற்கு முன்னரே விழா நாள் வந்துவிட்டது. அவள் மேடையேறினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பெற்றோரே, உறவினர் முன்னிலையில் உங்கள் மகளின் முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அன்பு மாணவியரே, முகத்தை மென்மையாகக் கழுவுங்கள். தேவையானால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் பரு போகட்டும் என்று எந்த விழாவையும் ஒத்திப்போடாதீர்கள். தங்கை வீட்டுக்கு நான் பிறகு எத்தனையோ முறை போய்விட்டேன். அந்த முதல் நாள் மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை.

– கணித ஆசிரியை