டெங்குக்குப் பயந்து பூக்களை விட வேண்டியதில்லை



மழை தொடங்கினாலே கொழும்பில் டெங்குப் பேச்சும் தொடங்கிவிடும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு. அவர்களில் என் தம்பியும் ஒருவன். அவன் சுகமாகி வந்ததும் உம்மா பல்கனியில் இருந்த பூச்சாடிகள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டார். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இப்படிப் பூ இல்லாமல் போன வீடுகள் இன்னும் இருக்கும்.

உம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் நுளம்பு பெருகுவது பூவில் அல்ல, சாடிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் நீரில்தான். முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆகவே தட்டே வேண்டாம்.

தட்டில்லாத சாடிக்கு நல்ல பூ சினியா. மெக்சிகோவின் வெயிலில் பிறந்த செடி, ஈரம் கூடினால் தாங்காது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வளர்த்த சினியாக்களில்கூட 2015 டிசம்பரில் ஈரம் கூடிப் பூஞ்சணம் பிடித்தது. சில செடிகள் பட்டுப்போயின. எப்போது தண்ணீர் விடுவது என்பதைச் செடியைப் பார்த்தே முடிவு செய்கிறேன் என்று விண்வெளி வீரர் ஸ்கொட் கெலி பொறுப்பெடுத்தார். மீதிச் செடிகள் 2016 ஜனவரியில் பூத்தன.

நாமும் அதையே செய்யலாம். அடியில் துளையுள்ள சாடியை, நல்ல வெயில் படும் இடத்தில், இரண்டு செங்கல் மீது வையுங்கள். வடியும் நீர் பல்கனித் துளை வழியே போகட்டும், கீழ்வீட்டார் காயப்போட்ட உடுப்பில் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணோடு கூட்டெரு கலந்து விதையை மெல்லிதாக மூடினால் ஒரு வாரத்தில் முளைக்கும், இரண்டு மாதமளவில் பூக்கும். காலையில் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடியில் ஊற்றுங்கள். இலை நனைந்துகொண்டே இருந்தால் நோய் வரும். செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைவிட்டு நிறையப் பூக்கும்.

இதையெல்லாம் விளக்கிய பிறகுதான் மூன்று சாடிகளுக்கு உம்மா சம்மதித்தார். இப்போது சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருக்கின்றன. ஒவ்வொரு வெள்ளியும் சாடிகளின் அடியைத் தூக்கிப் பார்ப்பது தம்பியின் வேலை.

காய்ந்த பூக்களிலிருந்து எடுத்த விதை கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் இங்கே கேளுங்கள். சாடி வாங்கப் போனால் கடைக்காரர் தட்டையும் சேர்த்துத் தருவார். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.