சயாமுக்குப் போன இரும்பு

ஜொகூரின் முதல் ரயில் பாதையைக் கறையான் தின்றது. 1869இல் மகாராஜா அபு பாக்கார், குனோங் பூலாயை நோக்கி ரயில் விடத் திட்டமிட்டார். தண்டவாளத்தை மரத்திலேயே போட்டார்கள். நம் ஊர் ஈரத்தையும் கறையானையும் மரம் எத்தனை நாள் தாங்கும்? திட்டம் கைவிடப்பட்டது.

இரும்புப் பாதைக்கு 1904இல் ஒப்பந்தம் ஆனது. 1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. சிகாமட், லாபீஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய தோட்டங்களும் அந்த வரிசையை ஒட்டியே வரும். 1923இல் காஸ்வே வழியாகச் சரக்கு ரயில் சிங்கப்பூருக்கே போய்விட்டது.

நான் படித்தது சிவில். தண்டவாளம் போட்டதோடு வேலை முடிவதில்லை. மழையில் மண் இளகும், சல்லி கீழே இறங்கும், வெயிலில் இரும்பு நீளும். தினமும் யாராவது நடந்து பார்த்தாக வேண்டும். மலாயாவில் அந்த 'யாராவது' பெரும்பாலும் தமிழர்கள்தான். பாட்டியிடம் இதைச் சொன்னால், "இதுக்கு யுனிவர்சிட்டிக்குப் போவணுமாக்கும்? ஒன் தாத்தா கேங்குல இருந்தப்ப, சம்மட்டியால ஒரு தட்டு தட்டி சத்தத்துலயே சொல்லிருவாரு" என்கிறார்.

தாத்தா அந்த வேலைக்குப் போனது ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு. அதற்கு முன்பு, 1942–43இல், ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டார்கள். அதற்குத் தண்டவாளம் போதவில்லை. மலாயாவில் ஏற்கெனவே இருந்ததைக் கழற்றினார்கள்: தம்பின்–மலாக்கா கிளைப் பாதை, கிழக்குக்கரைப் பாதையில் ஒரு பெரும்பகுதி. ஆட்களும் போதவில்லை. தோட்டத்துத் தமிழர்களை ரயிலில் ஏற்றினார்கள். இரும்பும் ஆளும் ஒரே திசையில், வடக்கே போயின.

போர் முடிந்ததும் கிழக்குக்கரைப் பாதையை மறுபடி போட்டார்கள். மலாக்கா பாதை திரும்பவே இல்லை. மனிதர்களில் திரும்பாதவர்கள் பல்லாயிரம் பேர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்த பலகைகள் உண்டு. தோட்டத்துச் சனங்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது.

2025 டிசம்பரில் மின்சார ரயில் ஜேபி சென்ட்ரலுக்கு வந்துவிட்டது. கிம்மாஸிலிருந்து 192 கிலோமீட்டர் இரட்டைப் பாதை. ஒரு பொறியாளராக எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பாதை புதிதாகும்போது பழைய கணக்கும் சேர்ந்து மூடப்பட்டுவிடக் கூடாது.

சயாமுக்கு ஆள் பிடித்தபோது பாட்டிக்கு ஆறு வயது. அவர் லயத்திலிருந்து போனவர்களின் பெயர்களை இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை பதினொன்று. அதில் இரண்டு பேருக்குப் பட்டப்பெயர் மட்டும்தான் பாட்டிக்கு ஞாபகம். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே.