ஃப்ளாரன்ஸில் ஒரு டப்பா சாப்பாடு

ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பசி எடுப்பது ரொம்பக் காஸ்ட்லியான சமாசாரம்.

அழகான ஊர்தான், சந்தேகமே இல்லை. அர்னோ ஆறு, அதன்மேல் நகைக்கடைகளைச் சுமந்துகொண்டு நிற்கும் பழைய பாலம், எந்தத் தெருவில் திரும்பினாலும் எட்டிப் பார்க்கும் கதீட்ரலின் செங்கல் கூரை, மைக்கலாஞ்சலோ செதுக்கிய டேவிட்... டேவிட்டின் வயிறு அப்படி ஒட்டிக் கிடப்பதற்குக் கலை விமர்சகர்கள் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். ஹோட்டல் வாசல்களில் மாட்டியிருக்கும் மெனு கார்டுகளை ஒரு சாயங்காலம் படித்ததிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் இத்தாலிக்கு எப்படிப் போனான் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாரன்ஸுக்கும் பைஸாவுக்கும் நடுவே சாந்தா குரோச்சே என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். வாணியம்பாடியைத் தூக்கி அர்னோ கரையில் வைத்த மாதிரி! ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் 2023 அக்டோபரில் அங்கே மெஷின் பார்க்கப் போனார். கணக்கு வழக்குக்குத் துணையாக நான். டிக்கெட்டும் தங்கும் இடமும் அவர் செலவு. ராத்திரிச் சாப்பாடு என் செலவு.

நண்பர் அந்த ஊரிலேயே தங்கிக்கொள்ள, எனக்கு ஃப்ளாரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் கட்டில். ஐந்து ராத்திரி. பையில் எண்ணி ஐம்பது யூரோ. அன்றைய ரேட்டுக்கு ஒரு யூரோ சுமார் தொண்ணூறு ரூபாய். வகுத்துப் பாருங்கள், ராத்திரிக்குப் பத்து யூரோ.

சுமாரான ஒரு ஹோட்டலில் எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டு 14 யூரோ. கீழே பொடி எழுத்தில் 'கோபெர்த்தோ' என்று இரண்டரை யூரோ. அது என்ன பலகாரம் என்று விசாரித்தால், பலகாரமே இல்லையாம். மேஜைக்கும் ரொட்டிக் கூடைக்கும் தலைக்கு வாங்குகிற காசாம். நம்மூரில் சாப்பிட்டதற்குத்தான் பில். அங்கே உட்கார்ந்ததற்கும் பில்! சத்தமில்லாமல் வெளியே வந்து ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன்.

ஹாஸ்டல் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்று அதைக் கடித்தால்... உப்பே இல்லை. கடைக்காரர் மறந்துவிட்டாரோ என்று நினைக்காதீர்கள். டஸ்கனி மாநிலத்து ரொட்டியே அப்படித்தான். உப்பில்லாமல்தான் சுடுவார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். ராத்திரி டியூட்டி பார்க்கிறவர், அறுபதைத் தாண்டியிருப்பார். சமையலறை மேஜையில் கட்டம் போட்ட துணி ஒன்றை விரித்தார். தட்டு வைத்தார். பக்கத்தில் முள்கரண்டி, மடித்த துணி நாப்கின், சின்னக் கண்ணாடி டம்ளர். யாரோ விருந்தாளி வரப் போகிறார் என்று நினைத்தேன். ஒருத்தரும் வரவில்லை. இரண்டு டப்பாவைத் திறந்தார், வெங்காயம் நறுக்கினார், கலந்தார், உட்கார்ந்தார். ராஜா மாதிரி சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டு வாய் சாப்பிட்டவர் என்னைப் பார்த்தார். உடைந்த இங்கிலீஷில் கேட்டார்:

"ஏன் நின்றுகொண்டு சாப்பிடுகிறாய்? யாராவது துரத்துகிறார்களா?"

"இல்லை ஸார். ஒரே ஆள்தானே... அதற்கு எதற்கு மேஜை, தட்டு எல்லாம்?"

"ஏன், ஒரு ஆள் ஆள் இல்லையா?"

ஸார், மேன்ஷன் அறையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். பேப்பரை விரித்து பரோட்டா, பஸ் ஸ்டாண்டில் நின்றபடி போண்டா, சம்பளத்துக்கு முந்தின வாரம் டீயும் பன்னும். என்னை யாரும் அதுவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. பதில் தெரியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெரியவர் தன் தட்டிலிருந்து பாதியை இன்னொரு தட்டுக்கு மாற்றி என் பக்கம் தள்ளினார்.

வெள்ளை பீன்ஸ், மீன், சிவப்பு வெங்காயம், ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். பேர் 'தொன்னோ எ ஃபாஜோலி'. தொன்னோ என்றால் டூனா, நம்மூர் சூரை மீன். ஃபாஜோலி என்றால் பீன்ஸ். உப்பில்லாத ரொட்டியின் ரகசியமும் அப்போதுதான் பிடிபட்டது. மீனில் இருக்கிற உப்புக்கு அதுதான் சரியான ஜோடி!

மறுநாள் பெரியவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கிளம்பினேன். ஹாஸ்டலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சான் லொரென்ஸோ மார்க்கெட். இரும்பும் கண்ணாடியுமாகப் பிரம்மாண்டமான கட்டிடம், 1874ல் திறந்தது. கட்டியவர் ஜுசெப்பே மெங்கோனி. மிலன் நகரத்தின் புகழ்பெற்ற கண்ணாடிக் கூரை கடைவீதியைக் கட்டியவரும் இவரே. கீழே காய்கறி, கறி, மீன். மாடியில் 2014லிருந்து விதவிதமான சாப்பாட்டுக் கடைகள். மாடிப்படி பக்கம் தலை வைத்துப் படுக்காமல் கீழேயே ஒரு சிவப்பு வெங்காயமும் ஒரு கட்டு பார்ஸ்லியும் வாங்கினேன். பார்ஸ்லி நம் கொத்தமல்லித் தழைக்குப் பெரியப்பா பையன்.

வெங்காயத்துக்கு அந்தப் பக்கம் தனி மரியாதை. செர்தால்தோ என்று ஓர் ஊர் தன் சின்னத்திலேயே வெங்காயத்தை வைத்திருக்கிறது. மற்ற ஊர்கள் சிங்கம், கழுகு என்று பயமுறுத்த, இவர்கள் வெங்காயத்தைக் காட்டி எதிரியை அழவைக்கிறார்கள்!

டப்பாக்களை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினேன். எண்பது கிராம் மீன் டப்பா மூன்று சேர்த்து ஒரு பொட்டலம். பின்பக்கம் பொடி எழுத்தில் மீன் பிடித்த கடல் பகுதி போட்டிருந்தது: 'எஃப்.ஏ.ஓ. 51'. உலகக் கடல்களுக்கு ஐ.நா. உணவு அமைப்பு கொடுத்திருக்கிற நம்பர் இது. 51 என்றால் மேற்கு இந்தியப் பெருங்கடல். அட, நம்ம சமுத்திரத்து ஆள்! நான் விசாவுக்குப் பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு (இல்லாத சம்பளத்துக்கு!) என்று அலைந்திருக்க, இவர் பாட்டுக்கு எண்ணெயில் படுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

டப்பாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. உணவைப் பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைத்தால் கெடாது என்று கண்டுபிடித்துச் சொன்னதற்காக, நிக்கோலா அப்பேர் என்பவருக்கு பிரெஞ்சு அரசாங்கம் 1810ல் 12,000 ஃபிராங்க் கொடுத்தது. அதே வருஷம் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் டப்பா திறக்கிற கருவிக்குக் காப்புரிமை வந்தது 1850களில்தான். நடுவே நாற்பது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் சாப்பாட்டை உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தார்கள். இப்போது மூடியிலேயே வளையம் இருக்கிறது. பேச்சிலர் குலம் தழைத்தது.

சரி, செய்முறைக்கு வருவோம். இரண்டு பேருக்கு, பதினைந்து நிமிஷம்.

வெங்காயம் பாதியை மெல்லிசாகச் சீவி, ஒரு ஸ்பூன் வினிகர் விட்ட தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப் போடுங்கள். காரநெடி தண்ணீரோடு போய்விடும். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார். 'கன்னெல்லினி' என்கிற வெள்ளை பீன்ஸ், 400 கிராம் டப்பா ஒன்று. கொழகொழ தண்ணீரை வடித்துவிட்டு நன்றாக அலசுங்கள். பிறகு வாணலியில் இரண்டு நிமிஷம், சூடு ஏறும்வரை மட்டும். பெரியவர் இதில்தான் ரொம்பக் கண்டிப்பு. ஜில்லென்ற பீன்ஸ் எதையும் உள்ளே விடாதாம், வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெயையும் புளிப்பையும் நன்றாக இழுத்துக்கொள்ளுமாம்.

சூடான பீன்ஸில் மூன்று ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், ஒரு ஸ்பூன் வினிகர், தாராளமாக மிளகுத்தூள். அப்புறம் இரண்டு டப்பா மீன், எண்ணெயை வடித்துவிட்டு. மசிக்காதீர்கள், பெரிய பெரிய துண்டாக இருக்கட்டும். மேலே வெங்காயம், நறுக்கிய பார்ஸ்லி. உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகே போடுங்கள். மீனிலும் பீன்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது.

மிச்சம் இருந்தால் டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். டப்பா உப்பியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். காசு பார்க்காதீர்கள்.

காமர்ஸ் படித்தவன் கணக்குக் காட்டாமல் விட்டால் தூக்கம் வராது. பீன்ஸ் 90 செண்ட். இரண்டு டப்பா மீன் 2 யூரோ 40. வெங்காயமும் தழையும் 30. எண்ணெய், வினிகரில் அன்றைய பங்கு 60. ரொட்டி 80. ஆக மொத்தம் ஐந்து யூரோ. இரண்டு பேருக்கு! தலைக்கு 225 ரூபாய், வயிறு நிறைய. கோபெர்த்தோ கிடையாது. அன்றிலிருந்து நாலு ராத்திரியும் பெரியவருக்கும் சேர்த்து நானே செய்தேன். துணியை விரிப்பது மட்டும் அவர் டிபார்ட்மெண்ட்.

டஸ்கனிக்காரர்களை மற்ற இத்தாலியர்கள் 'மாஞ்ஜாஃபாஜோலி', அதாவது 'பீன்ஸ் தின்னிகள்' என்று கேலி செய்வார்களாம். இதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் ஏதோ பட்டம் வாங்கினாற்போல் பெருமை. அதே பேரில் ஓர் ஓவியம்கூட இருக்கிறது என்று செல்போனில் காட்டினார். ஆன்னிபாலே கராச்சி 1580களில் வரைந்தது, ரோமில் கொலோன்னா மாளிகையில் இருக்கிறது. வைக்கோல் தொப்பி போட்ட ஓர் உழைப்பாளி. முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேஜை, ரொட்டி, வெங்காயத்தாள், ஒயின். கிண்ணத்தில் இருப்பது, கறுப்புக் கண் வைத்த நம்ம காராமணி! வெள்ளை பீன்ஸின் பூர்வீகம் அமெரிக்கா. 1492ல் கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் ஐரோப்பாவுக்குத் தெரியும். அதற்கு முன்னாலிருந்தே ஏழைகளுக்குச் சோறு போட்டது காராமணி.

அந்த ஆள் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறான். ஸ்பூனிலிருந்து சொட்டுகிறது. போப்பாண்டவர்களையும் பிரபுக்களையும் வரைந்து கொண்டிருந்த காலத்தில், தனியாக உட்கார்ந்து பயறு தின்கிற ஒருத்தனையும் உட்காரவைத்து வரையலாம் என்று ஓர் ஓவியனுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு ஆள் ஆள்தான் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

நம்மூரிலும் இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டப்பா மீன் பெரிய கடைகளில் கிடைக்கிறது. டப்பா பீன்ஸ் கிடைக்காவிட்டால் வெள்ளை ராஜ்மாவை ராத்திரி ஊறப்போட்டுக் குக்கரில் வேகவையுங்கள். மெத்தென்று வேக வேண்டும், அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும். சைவக்காரர்கள் மீனை விட்டுவிடலாம். டஸ்கனியிலும் வெறும் பீன்ஸும் எண்ணெயுமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஆலிவ் எண்ணெய் கொஞ்சம் விலைதான். சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

ஆனால் ஒரு கண்டிஷன். தேதி இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது, பர்ஸில் ஈ ஓட்டுகிறீர்கள், ரூம் மேட்கூட ஊருக்குப் போய்விட்டான் என்றாலும் சரி, தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேஜைத் துணி இல்லையா? துவைத்த லுங்கி இருக்கிறதே, போதும்!